ஜான் கிளாட்ஸ்டன்: ஒரு கடிதத்தில் கூலிக் கப்பலைக் கிளப்பிய கனவான்

2015-க்கு முன்னால் பிரிட்டனில் ஒரு மாதமாவது சம்பளம் வாங்கி, வருமான வரி கட்டியவரா நீங்கள்? அப்படியென்றால், 1830-களில் அடிமை முதலாளிகளுக்குக் கொடுத்த நஷ்டஈட்டுக் கடனை அடைத்ததில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது, பிரிட்டன் அரசு 2 கோடி பவுண்ட் ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் இது ஏறக்குறைய 40 சதவீதம். அந்தப் பணம் விடுதலையான அடிமைகளுக்குப் போகவில்லை. "எங்கள் சொத்து போச்சே" என்று கேட்ட முதலாளிகளுக்குப் போனது. அதற்காக வாங்கிய கடன், வெவ்வேறு பத்திரங்களாக மாறி மாறி இழுத்துக்கொண்டே வந்து, 2015-ல்தான் முழுதாக அடைபட்டது. 2018-ல் பிரிட்டன் நிதித்துறையே இதை ட்விட்டரில் பெருமையாகப் போட்டது. மக்கள் வாங்கு வாங்கென்று வாங்கியதும் பதிவை நீக்கிவிட்டது.

நான் ஐ.டி. வேலைக்காக இங்கே வந்தது 2012-ல். என் சம்பளத்தில் பிடித்த வரியிலும் ஒரு துளி அதற்குப் போயிருக்கும். நம்ம பணம் யார் பாக்கெட்டுக்குப் போனது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் அந்த நஷ்டஈட்டுக் கணக்கு முழுவதையும் இணையத்தில் போட்டிருக்கிறது. யார் பெயரை வேண்டுமானாலும் தேடலாம். பெரிய தொகை வாங்கியவர்கள் வரிசையில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: ஜான் கிளாட்ஸ்டன். 2,508 அடிமைகளுக்கு 1,06,769 பவுண்ட்.

கிளாட்ஸ்டன் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது நான்கு முறை பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டன்தான். ஜான், அவருடைய அப்பா. மகன் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கடல் கடந்து வாழும் நமக்கு அதிகம் சம்பந்தப்பட்டவர் அப்பாதான்.

தானிய வியாபாரியின் மகன்

ஜான் பிறந்தது 1764-ல், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில். அப்பா தானிய வியாபாரி. ஜான் 1787-ல் லிவர்பூலுக்கு வந்து தானிய வியாபாரத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். கெட்டிக்காரர். கணக்கில் புலி. இந்திய வியாபாரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் 1813-ல் உடைந்தது. அடுத்த வருடமே 'கிங்ஸ்மில்' என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அந்த ஊரிலிருந்து நேராக இந்தியாவுக்குப் போன முதல் கப்பல் அது. அதன் பின்னால் இருந்தவர் ஜான். அப்போது ஏற்பட்ட கல்கத்தாத் தொடர்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

வியாபாரத்தில் வந்த பணம் நிலத்துக்குள் போனது. தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில், இன்றைய கயானா நாட்டில், டெமராரா என்ற பகுதி. கடன் கொடுத்து, பங்கு வாங்கி, பிறகு முழுசாக வாங்கி என்று படிப்படியாக அங்கே கரும்புத் தோட்டங்களைச் சேர்த்தார். நிலத்தோடு ஆட்களும் சேர்த்தே விலை. மாடு கன்று மாதிரி.

இதற்கு நடுவே 1818-லிருந்து 1827 வரை நாடாளுமன்ற உறுப்பினர். லங்காஸ்டர், உட்ஸ்டாக், பெரிக் என்று மூன்று தொகுதிகள் மாறினார். கடைசியாக ஜெயித்த பெரிக் தேர்தல் செல்லாது என்று 1827-ல் வெளியே அனுப்பினார்கள். 1829-ல் ஸ்காட்லாந்தில் ஃபாஸ்க் என்ற பெரிய எஸ்டேட்டை வாங்கினார். தேவாலயங்கள் கட்டினார். ஆறு பிள்ளைகளைக் கண்டிப்போடும் பக்தியோடும் வளர்த்தார். ஊரில் கேட்டால் "நல்ல மனுஷன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இத்தனை சம்பாத்தியம் கொடுத்த டெமராராவில் அவர் ஒரு நாள்கூடக் காலடி வைத்ததில்லை. அங்கே இருந்த மேனேஜர்கள் கடிதம் எழுதுவார்கள், லிவர்பூலில் உட்கார்ந்துகொண்டு இவர் பதில் எழுதுவார். ஆயிரக்கணக்கான மனிதர்களை அவர் பார்த்ததெல்லாம் கணக்குப் புத்தகத்தின் வரிகளாக மட்டுமே.

அதே குடும்பப் பெயரில் ஒரு கலகக்காரர்

1823 ஆகஸ்டில் டெமராராவில் அடிமைகள் எழுந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்த அந்தக் கலகம் கிளம்பிய இடம், ஜானுக்குச் சொந்தமான 'சக்ஸஸ்' என்ற தோட்டம். முன்னால் நின்றவர்களில் முக்கியமானவர் அந்தத் தோட்டத்தில் பீப்பாய் செய்யும் தச்சர். அவர் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். ஆமாம், முதலாளியின் குடும்பப் பெயரேதான். அடிமைக்கு எஜமானின் பெயரைப் போடுவது அன்று வழக்கம். ஜாக்கின் அப்பா குவாமினா, பக்கத்துத் தோட்டத்துத் தேவாலயத்தில் மூத்த உதவி ஊழியர்.

கலகக்காரர்கள் வெள்ளையர்களைப் பெரும்பாலும் பிடித்து அடைத்துத்தான் வைத்தார்கள். கொல்லப்பட்ட வெள்ளையர்கள் மிகச் சிலர். ராணுவமோ அடிமைகளை நூற்றுக்கணக்கில் கொன்றது. குவாமினாவைச் சுட்டு, உடலை சக்ஸஸ் தோட்டத்தின் முன்னால் தொங்கவிட்டார்கள். ஜாக்கை செயின்ட் லூசியா தீவுக்கு நாடு கடத்தினார்கள். அடிமைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பாதிரியார் ஜான் ஸ்மித்துக்கு மரண தண்டனை விதித்தார்கள். லண்டனிலிருந்து கருணை உத்தரவு வந்து சேர்வதற்குள் அவர் சிறையிலேயே இறந்துவிட்டார்.

லிவர்பூலில் ஜேம்ஸ் க்ராப்பர் என்ற வியாபாரி அடிமை முறைக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜான் புனைபெயரில் பதில் எழுதினார். தோட்டத்து ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. தன் தோட்டத்து வாசலிலேயே ஒரு மனிதனின் உடல் தொங்கிய பிறகும் அவர் கட்சி மாறவில்லை. பத்து வருடம் கழித்து, 1833-ல், நாடாளுமன்றத்தில் இதே குடும்பத்தின் 'வ்ரீட் என் ஹோப்' தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிச் சாகடிக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு வந்தது. எழுந்து மறுத்துப் பேசியவர் 23 வயது எம்.பி. வில்லியம் கிளாட்ஸ்டன். பின்னாளில் பெரிய ஜனநாயகவாதி என்று பெயர் எடுத்தவரின் முக்கியமான முதல் பேச்சு, அப்பாவின் தோட்டத்து மேனேஜரைக் காப்பாற்றுவதற்கான பேச்சு.

கல்கத்தாவுக்குப் போன கடிதம்

1834 ஆகஸ்ட் 1-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'பயிற்சிக் காலம்' என்று பெயர் வைத்து, அதே ஆட்கள் அதே தோட்டத்தில் இன்னும் சில வருடம் வேலை செய்தாக வேண்டும் என்றார்கள். அந்தக் காலம் முடிந்தால் என்ன ஆகும்? கறுப்பின மக்கள் கூலி பேசுவார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு வேலைக்குப் போவார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கிப் பயிர் செய்வார்கள். விடுதலை என்றால் அதுதானே?

ஜானுக்கு அது ஒத்துவரவில்லை. 1836 ஜனவரி 4-ம் தேதி, கல்கத்தாவில் இருந்த கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 71. அந்தக் கம்பெனி ஏற்கனவே மொரீஷியஸுக்கு இந்தியர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துக்கும் 100 பேர் வேண்டும், இளவயசாக, திடகாத்திரமாக இருக்க வேண்டும், பல வருட ஒப்பந்தம் போட வேண்டும் என்று கேட்டார். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினார். கறுப்பின மக்களை எதிர்பார்த்திருக்கும் நிலை முடிந்தவரை இல்லாமல் போக வேண்டும், அவர்களுக்கு ஈடாக இன்னொரு கூட்டம் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஜூன் மாதம் பதில் வந்தது. ஆட்களை அனுப்புவதில் பெரிய சிக்கல் இருக்காது, ஏனென்றால் எந்த ஊருக்குப் போகிறோம், எத்தனை தூரம் கப்பலில் போக வேண்டும் என்பது இவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது என்று கம்பெனி எழுதியது. சோட்டா நாக்பூர் மலைப்பகுதி மக்களைப் பற்றி, இவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம் தவிர வேறு தேவையே கிடையாது என்றும் எழுதியது.

இதை வாசித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் ஆச்சரியம் வரவில்லை. தொழிலாளிக்கு விவரம் தெரியாது என்பதை ஒரு குறையாகவாவது எழுதுவார்கள் என்று நினைப்போம். இங்கே அது சரக்கின் சிறப்பு அம்சமாக, விற்பனைக் குறிப்பில் வருகிறது.

பிறகு ஜான் தன் அரசியல் செல்வாக்கைப் பயன்படுத்தினார். குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் லார்ட் க்ளெனெல்கிடம் பேசி அனுமதி வாங்கினார். 1838 ஜனவரியில் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து கிளம்பின. மே 5-ம் தேதி இரண்டும் டெமராரா வந்து சேர்ந்தன. வழியில் செத்தவர்கள் போக, கரை இறங்கியவர்கள் 396 பேர். அதில் பெண்கள் பத்துப் பதினோரு பேர்தான். சரித்திரத்தில் இவர்களுக்கு 'கிளாட்ஸ்டன் கூலிகள்' என்றே பெயர். நம் ஊரில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்கும் பணம். அவர்கள் கணக்கில் ஆளே கூலி.

எலிசபெத் சீசர் பார்த்தது

ஹெஸ்பரஸில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஜானின் வ்ரீட் என் ஹோப் தோட்டத்துக்குப் போனார்கள். அது டச்சுக்காரர்கள் வைத்த பெயர். 'அமைதியும் நம்பிக்கையும்' என்று அர்த்தம்.

அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவரே ஆட்களை அடித்தார், அவர்களிடம் பணம் பறித்தார். தப்பி ஓடியவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து நோய்க்கொட்டடியில் பூட்டினார்கள். விஷயம் வெளியே வந்ததும், அடிமை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்கோபிள் நேரில் போய் விசாரித்தார். அப்போது கிடைத்த சாட்சியங்களில் ஒன்று எலிசபெத் சீசர் என்ற பெண்ணுடையது. அவர் அதே தோட்டத்தில் இருந்த கறுப்பினப் பெண், முன்னாள் அடிமை.

இரவு இந்தியர்களைக் கொட்டடியில் பூட்டி வைத்ததையும், மறுநாள் காலையில் மேனேஜர் வீட்டுத் தூணில் கட்டிவைத்து ஒன்பது வார்ச் சவுக்கால் அடித்ததையும் அவர் சொன்னார். மேனேஜர் அப்போது வீட்டில்தான் இருந்தார் என்றார். எத்தனை அடி என்று எண்ண முடியவில்லை, ரத்தத்தைப் பார்த்தேன் என்றார். அடித்த முதுகில் உப்புநீரைத் தேய்த்ததையும் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். இவருடைய ஜனங்கள் கூலி கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கொண்டுவரப்பட்டவர்கள் இந்த இந்தியர்கள். பாஷை தெரியாது, உறவு கிடையாது. "நமக்கென்ன வந்தது" என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினார்.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அபராதமும் கொஞ்ச நாள் சிறையும் கிடைத்தன. ஜானுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லண்டனில் பெரிய சத்தம் எழுந்தது. இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். இதை மறுபடி அனுமதித்தால் புது மாதிரி அடிமைத்தனத்துக்கு வழிவிட்டது போல ஆகிவிடும் என்ற பயத்தை, 1840-ல் அமைச்சர் லார்ட் ஜான் ரஸ்ஸலே எழுத்தில் பதிவு செய்தார்.

ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தபோது, 396 பேரில் ஏறக்குறைய நூறு பேர் உயிரோடு இல்லை. 236 பேர் ஊர் திரும்பினார்கள். சுமார் 60 பேர் அங்கேயே தங்கினார்கள்.

பிறகு நம்மவர்கள்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 396 பேரில் பெரும்பாலானவர்கள் சோட்டா நாக்பூர் ஆதிவாசிகளும், வங்காளம், பீகார் பக்கத்து மக்களும். தமிழர்கள் கதை அடுத்த கட்டத்தில் வருகிறது.

சர்க்கரை முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1845-ல் கயானாவுக்குக் கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. இந்த முறை கல்கத்தாவிலிருந்து மட்டுமல்ல, சென்னையிலிருந்தும். தமிழரோ தெலுங்கரோ, எல்லோருக்கும் அங்கே 'மதராசி' என்று ஒரே பெயர். அவர்கள் கொண்டுபோன அம்மன் வழிபாடு 'காளி மாய்' பூஜையாக இன்றும் கயானாவில் நடக்கிறது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. கடைசி ஒப்பந்தக் கப்பல் போன 1917-க்குள் கயானாவுக்கு மட்டும் சுமார் 2,39,000 இந்தியர்கள் போயிருந்தார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி வழியாகப் போனவர்கள் கதை தனி.

இத்தனைக்கும் ஜான் ஒருவரே காரணம் என்று சொன்னால் அது மிகை. மொரீஷியஸுக்கு அவருக்கு முன்பே ஆட்கள் போனார்கள். ஆனால் கரீபியன் பக்கம் வழியைத் திறந்தது அவருடைய கடிதம்தான்.

அவருக்கு என்ன ஆனது? 1846-ல் பரம்பரை 'சர்' பட்டம் கொடுத்தார்கள். 1851 டிசம்பரில், 87-வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, ஃபாஸ்க் மாளிகையில் நிம்மதியாகக் கண் மூடினார்.

1823 கலகத்தின் 200-வது வருடமான 2023-ல், ஆகஸ்ட் மாதம், கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வாரிசுகள் ஆறு பேர் கயானா போனார்கள். கயானா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கிளாட்ஸ்டன் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அடிமைகளின் வழித்தோன்றல்களிடம் மட்டுமல்ல, ஒப்பந்தக் கூலி முறையில் ஜானுக்கு இருந்த பங்குக்காகவும். ஆராய்ச்சிக்கு ஒரு லட்சம் பவுண்ட் தருவதாக அறிவித்தார்கள். அரங்கில் எதிர்ப்பும் கிளம்பியது. வாங்கிய நஷ்டஈட்டோடு வைத்துப் பார்த்தால் இது எந்த மூலைக்கு என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனாலும் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தாவின் பாவத்தை மேடையில் நின்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது சின்ன விஷயமில்லை. எத்தனை பழைய குடும்பங்கள் அதைச் செய்திருக்கின்றன?

நமக்கு இதில் என்ன?

என் ஐ.டி. நண்பர்கள் சிலர் ஜோக் அடிப்பார்கள்: "நாமளும் கூலிதான்டா. அன்னிக்கு கப்பல், இன்னிக்கு ஃபிளைட்." எனக்கு அது பிடிப்பதில்லை. விசா கவலை, மேனேஜர் தொல்லை எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் நான் எந்த ஊருக்குப் போகிறேன், என்ன சம்பளம் என்று தெரிந்துதான் விமானம் ஏறினேன். பிடிக்கவில்லை என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம். வ்ரீட் என் ஹோப்பில் வேலையை விட்டு ஓடியவனுக்குக் கிடைத்தது சவுக்கு. அந்த வலியை நம் ஆபீஸ் புலம்பலோடு சேர்க்கக் கூடாது. வேண்டுமானால், ஏஜென்டிடம் கடன் வாங்கிப் பணம் கட்டி, வளைகுடாவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பறிகொடுக்கும் நம் ஊர்த் தொழிலாளியோடு சேர்த்துப் பாருங்கள். விவரம் தெரியாதவனாகப் பார்த்துப் பிடிக்கிற புத்தி அங்கே இன்னும் சாகவில்லை.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கசப்பானது. வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசும் பேச்சு நமக்குத் தெரியாததல்ல. "அந்த ஏரியால வீடு வாங்காதே, அவங்க ஜாஸ்தி." "அவன்கூட சேராதே." கல்யாணப் பேச்சு வந்தால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் நம்ம பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். இங்கே பிறந்த தலைமுறைக்கு அது கூச்சமாகவும் இருக்கிறது.

"நாம உழைச்சு முன்னேறினவங்க, அவங்க சோம்பேறி" என்ற பேச்சு எங்கே பிறந்தது? தோட்ட முதலாளிகளின் பேச்சு அது. விடுதலையான மனிதன் நியாயமான கூலி கேட்டால் சோம்பேறி, ஒப்பந்தத்தில் கட்டுண்டவன் வாய் திறக்காமல் உழைத்தால் நல்லவன். ஒருவனைக் காட்டி இன்னொருவனின் கூலியைக் குறைப்பதற்கான ஏற்பாடு, 1836-ல் மை தொட்டு எழுதப்பட்டது. கயானாவில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் நடுவில் இன்றைக்கும் தேர்தலுக்குத் தேர்தல் புகையும் பகைக்கு அது ஒரு முக்கியமான வேர். ஜான் போய்ச் சேர்ந்து 170 வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் கணக்குக்கு நாம் ஏன் இன்னும் வட்டி கட்ட வேண்டும்?

மே 5 கயானாவில் அரசு விடுமுறை. இந்தியர்கள் வந்து இறங்கிய நாள். பாட்டு, நடனம், சாப்பாடு என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். இங்கே நம் தமிழ்ப் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு நம்மவர்கள் கடல் கடந்த கதையைச் சொல்லிக்கொடுக்கிறோம். ராஜேந்திர சோழனின் கப்பலைச் சொல்கிறோம், நல்லது. அதோடு விட்பி, ஹெஸ்பரஸ், ட்ரூரோ கப்பல்களையும் சொல்லுவோம். அவற்றைக் கிளப்பியவர் யார், எதற்காக என்பதையும் சொல்லுவோம். அப்படிச் சொல்லும்போது, முன்பின் தெரியாத நம் ஊர் மனிதர்களுக்காகச் சாட்சி சொன்ன எலிசபெத் சீசர் பெயரையும் பிள்ளைகள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.